சொட்டுத் தண்ணீர் சோதனை

ஃபஹாஹீல் கிளினிக்குக்கு
மாலை ஐந்தரைக்கு வருவார் சூசைமாணிக்கம்,
தலைமுடியெல்லாம் ஜிப்சம் தூளோடு.
வாசலில் நின்று தட்டிவிட்டால்
பத்து வயது குறையும்.

பதினாறு வருடமாக
அடுத்தவர் வீட்டு உட்கூரைக்கு
அண்ணாந்தே வேலை.
மூன்று தங்கைகளைக் கைதூக்கிவிட்ட கை
இப்போது சட்டைக் காலருக்கு எட்ட மறுக்கிறது.

இன்சூரன்ஸ் ஒப்புக்கொண்டது ஆறு தடவை.
"ஏழாவது நாளும் வலிச்சா?"
கைக்காசு கட்டணும் என்றேன்.
தலையாட்டினார்,
வலப்பக்கம் மட்டும் போகாமல்.

வெளியே நாற்பத்தெட்டு டிகிரி.
ஏசியில் கிடந்த ஜெல்லைத் தோளில் பிதுக்கியதும்
"யம்மா" என்று சுருங்கினார்.
இந்த மாடியில் அந்தச் சொல்
நேராக வந்து விழுவது
என் ஒருத்தி காதில்தான்.

உலோகத் தலையை
வட்டம் வட்டமாக நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும்.
ஓரிடத்தில் நின்றால் எலும்பு சுடும்.

"சத்தமே கேக்கலியே தங்கச்சி?"
காதுக்கு எட்டாத சத்தம் அண்ணே.
"வவ்வாலுக்குக் கேக்குமா?"
அதுக்கும் எட்டாது.
"பெறகு யாருக்குத்தான் கேக்கும்?"
தசைநாருக்கு, என்று சொல்லிவைத்தேன்.

ஏழு நிமிடம்.
அதற்குள் அபு ஹலீஃபா அறை வந்துவிடும்,
மேல் கட்டிலுக்கு ஏற முடியாமல்
மாதம் இரண்டு தினார் கூடக் கொடுத்துக்
கீழ்க் கட்டிலுக்கு இறங்கிய கதை வரும்.
ஜாப்ரியாவில் ஒரு வில்லா,
கூரை நடுவே வார்த்த ரோஜாப்பூ,
அதில் ஓர் இதழ்
இவர் கட்டைவிரல் ரேகையோடே காய்ந்துவிட்டதாம்.
"அந்த வீட்டுல ஒருத்தரும் மேல பாக்கல."

போகும்போது, கடமைக்கு, சொல்லி அனுப்பினேன்:
சுவரில் விரல்களை நண்டு மாதிரி
மேலே மேலே ஏத்துங்க.

நாலாம் நாள், அவர் வருமுன்,
மெஷின் தலையை மல்லாத்திப் பிடித்து
ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன்.
வாரா வாரம் செய்ய வேண்டிய சோதனை.
இந்த மாதம் செய்யவில்லை.
உயிர் இருந்தால் சொட்டு நடுங்கும்,
சட்டியில் விழுந்ததுபோலப் பொரியும்.
இது சும்மா படுத்திருந்தது,
டியூப்லைட்டை முழுசாக வாங்கிக்கொண்டு.

திரையில் எண்கள் ஒழுங்காக இறங்கின.
பச்சை விளக்கு எரிந்தது.
கோப்பில் மூன்று முறை எழுதியிருக்கிறேன்,
என் கையெழுத்தில்,
அல்ட்ராசவுண்ட், ஏழு நிமிடம்.
தேய்த்தது வெறும் ஜெல்லோ என்னவோ.

கதவு திறந்தது.
"இதப் பாருங்க" என்று கையை உயர்த்தினார்.
காது வரை இல்லை, தாடை வரை.
அக்குளிலிருந்து வெள்ளைத் தூள் கொட்டியது.
"கட்டிலோரச் சுவத்துல
பென்சில் கோடு போட்டு வச்சிருக்கேன்.
மூணு விரக்கடை ஏறிருச்சு.
ஒங்க மெஷின் நல்ல மெஷின்."

மெஷின் செத்துக் கிடக்குது அண்ணே.
எப்பத்திலேர்ந்துன்னு தெரியல.

சொட்டைக் காட்டினேன்.
குனிந்து பார்த்தார்.
கூரையில் ஒழுகல் தேடுகிறவர்போல
ரொம்ப நேரம் பார்த்தார்.

"இன்சூரன்சுக்குச் சொல்லிராதீங்க.
இன்னும் மூணு பாக்கி இருக்கு."

சொல்லத்தான் வேண்டும். சொன்னேன், மறுநாள்.
அன்றைக்கு அவர்
சட்டையைக் கழற்றி மடித்து மடியில் வைத்து,
தோளை என் பக்கம் திருப்பி
உட்கார்ந்துவிட்டார்.

ஜெல்லைப் பிதுக்கி
முதலில் என் உள்ளங்கைகளுக்கு நடுவில்
கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்,
குளிர் போகட்டும் என்று.