நூற்று எண்பத்தேழாம் தாள்

ஆறு பிரதிகள்.
அடர்நீல ரெக்ஸின், தங்க எழுத்து.
டவுன்ஹால் ரோட்டுப் பின்சந்தில்
ஜபருல்லா பாய் கடையில்
பசை இன்னும் காயவில்லை.
"முனைவர்னு இப்பவே போட்டுரவா?"
வேண்டாம் பாய், வாய்மொழித் தேர்வு முடியட்டும்.
இன்பஜோதியில் வருவது ஜோவா சோவா என்று
ரெண்டு தரம் கேட்டுக்கொண்டு
ஏழு வருஷத்தின் மேல்
இரும்புக்கட்டையை ஏற்றுகிறார்.

தலைப்பு ஒரே மூச்சில் சொல்ல வராது:
உசிலம்பட்டி, செல்லம்பட்டி ஒன்றியங்களின்
அரசு நடுநிலைப் பள்ளி மாணவரிடையே
வருகைக் குறைவும் கற்றல் மனப்பான்மையும்.
பகுதிநேரம் என்றுதான் பதிவு.
எந்தப் பகுதி என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை.
ராத்திரி பதினொன்றுக்கு மேல்
உளுந்து ஊறும் பாத்திரத்துக்குப் பக்கத்தில்
கைவர்க்க அட்டவணை விரிந்து கிடக்கும்.
ஓரங்களில் மாவு.

நகல் சோதனையில் ஒன்பது சதவீதம் வந்தது.
"ரொம்ப சுத்தம்" என்றார் நெறியாளர் ரூபவதி மேடம்.
மிச்சத் தொண்ணூற்றொன்றும் என்னுடையதாம்.
காலை வழிபாடு முடிந்த கையோடு
மணலில் உட்காரவைத்து
பென்சிலும் ஆளுக்கொரு பிஸ்கட்டும் கொடுத்து
முந்நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளிடம் வாங்கியது அது.

வினா இருபத்து மூன்று:
'பள்ளிக்கு வர எனக்கு விருப்பம்.'
எதிரே ஐந்து கட்டம்.
ஏதாவது ஒன்றில் மட்டும் டிக்.

நூற்று எண்பத்தேழாம் தாள்
ஐந்திலும் அடித்திருந்தது.
கட்டங்களுக்குக் கீழே கிழமை.
முற்றிலும் உடன்படுகிறேன்: புதன்.
உடன்படுகிறேன்: வியாழன்.
கருத்தில்லை: திங்கள்.
உடன்படவில்லை: செவ்வாய்.
முற்றிலும் உடன்படவில்லைக்கு அடியில்
வெள்ளி என்று எழுதி
அழித்து
மறுபடி வெள்ளி.

வெள்ளியன்று என்ன?
முகூர்த்தத்துக்குப் பூப்பறிப்பா,
தம்பியைத் தூக்கிவைத்துக்கொள்ளும் முறையா,
கணக்கு சாரா?
புதனில் அப்படி என்ன வைத்திருந்தோம்?

"ஒரு வினாவுக்கு ஒரு விடைதான்.
செல்லாத தாள், எடுத்துருங்க."
எடுத்தேன்.
முந்நூற்றுப் பதினொன்று.
சராசரி மூன்று புள்ளி நான்கு இரண்டு.
அது இருந்திருந்தாலும்
மூன்றாம் தசமத்தில்தான் கொஞ்சம் நடுங்கியிருக்கும்.

யாரென்று தேட முடியாது.
'பெயர் எழுத வேண்டாம்' என்று
முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில்
நான்தான் அச்சடித்திருந்தேன்.
அவனா அவளா, தெரியாது.
'ன்' மேல் புள்ளிக்குப் பதில்
குட்டி வட்டம் போடுகிற ஒரு கை.
விடைத்தாள் திருத்தும் முகாம்களில்
அந்த வட்டத்துக்காக
அரைமதிப்பெண் கூடுதலாய்ப் போட்டிருக்கிறேன்,
யார் யாருக்கோ.

பல்கலைநகரில் வாய்மொழித் தேர்வு.
திருச்சியிலிருந்து வந்த தேர்வாளர்
கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்:
"இந்த ஆய்வின் வரம்புகள் என்னென்ன?"
ஆறு சொன்னேன்.
ஏழாவது வாய்வரை வந்தபோது
தண்ணீர் குடித்தேன்.
கைதட்டல். கேசரி, மிக்சர்.
நெறியாளர் கண்ணில் நிஜமாகவே நீர்.

சக ஆசிரியர்கள் சும்மா இருப்பார்களா,
பள்ளி கேட்டில் பிளக்ஸ்.
'கல்விக் கடலே!'
பத்து வருஷத்துக்கு முந்திய போட்டோ,
பின்னால் எதற்கோ ஒரு நீர்வீழ்ச்சி.
சவுக்குக் கம்பில் ஏறிக் கட்டுகிற பையனுக்கு
பத்தொன்பது வயசு இருக்கும்.
அன்றைக்குப் பதிமூன்று என்று
மனசு தானாகக் கழிக்கிறது.
இப்போதெல்லாம் யாரைப் பார்த்தாலும் கழிக்கிறது.

"எந்தக் கிழமை கழட்டணும் டீச்சர்?"

புதன் என்றேன்.
மறந்துருவே, எழுதிக்கப்பா என்றேன்.
பேனாவையும் நீட்டினேன்.

அவன் செல்போனை வாயருகில் பிடித்து
"செல்லம்பட்டி ஸ்கூலு பிளக்ஸு,
புதங்கெழம கழட்டணும்" என்று சொல்லிவிட்டு
பையில் போட்டான்.
கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தான்.
காற்றில் சுருங்கிக் கிடந்த என் முகம்
நிமிர்ந்தது.