இருபத்து நான்கு

எஸ்பெனின் ஊர் பாலத்துக்கு அந்தப் பக்கம்.
குடித்தனம் இந்தப் பக்கம், மால்மோவில்,
சைக்கிள் கடைக்கு மேல் ஒற்றை அறை.

இருவருக்கும் இருபத்து நான்கு நிரம்பட்டும்
என்கிறது டென்மார்க்.
தமூனாவுக்கு இன்னும் பதினொரு மாதம்.

"சீக்கிரம் வளரேன்" என்பான்.
"சோறு போடு" என்பாள்.

திபிலிசியிலிருந்து அவள் அம்மா:
"நீ கட்டிக்கொண்டது டேனிஷ்காரனை,
ஸ்வீடனில் என்ன வேலை?"
தமூனா ஜன்னலுக்கு வெளியே போனைத் திருப்புகிறாள்.
கடல், பாலம், மூடுபனி.
மாமியார் வீடு அதற்குள் எங்கோ.

மாலை ரயிலில் அட்டை கேட்கிறார்கள்.
எஸ்பென் நீட்டுகிறான்,
கூடவே, தவறுதலாக,
அவள் எழுதிய சீட்டையும்:
முட்டை, உப்பு, சீக்கிரம் வா.

அதைத்தான் அந்தக் காவலர்
கொஞ்ச நேரம் படித்தார்.