மட்டம்

காலை ஆறு மணிக்கு வெண்ணாற்றின் மட்டம் பார்த்து
செக்‌ஷன் ஆபீசுக்கு வாட்ஸப்பில் எண் அனுப்ப வேண்டும்.
அந்த நேரத்தில் விரல்கள் எனக்குச் சொந்தமில்லை.
வெந்நீர்ச் சட்டிக்குள் ஊறிக்கொண்டிருக்கும்
யாருக்கோ வேகவைத்த கிழங்குகள் போல.
ஒருநாள் மூக்கு நுனியால் அழுத்தி அனுப்பினேன்:
2.4 அடி.
ஆபீசில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

கணவர் செத்துக் கருணை அடிப்படையில் கிடைத்த வேலை.
ஆர்டரில் லஸ்கர் என்று போட்டிருந்தது.
ஐந்து ஷட்டர், ஐந்து சக்கரம்,
நாற்பது சுற்றுக்கு அரை அடி எழும்.
முதல் வருஷம் நான் சுற்றினேன்.
இரண்டாம் வருஷம் சக்கரம் அசையாமல் நின்றது,
மணிக்கட்டுக்குள் ஏதோ சுற்றியது.

கூத்தாநல்லூர் லேபில் மெஹருன்னிசா
ரத்தத்தை ஒல்லிக் கண்ணாடிக் குழாயில் ஏற்றி நிறுத்தினாள்.
"ஒரு மணி நேரம் ஆவும்க்கா,
செவப்பு எவ்வளவு கீழ எறங்குதுன்னு பாக்கணும்."
நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
மேலே தெளிந்த மஞ்சள், கீழே கனத்த சிவப்பு.
அட, இது எனக்குத் தெரிந்த வேலைதான்.
புதுத்தண்ணியைக் குடத்தில் மொண்டு வைத்தால்
வண்டல் இப்படித்தான் இறங்கும்.
இந்த ஜில்லாவே அப்படி இறங்கியதுதானே.
ஆனால் இதில் நெல் விளையும் என்று
மெஹருன்னிசா சொல்லவில்லை.
எழுபத்தெட்டு, என்றாள்.
சி.ஆர்.பி. நாற்பத்தொன்று. ஆர்.ஏ. பாசிட்டிவ்.
கவரில் போட்டு ஒட்டி,
"தஞ்சாவூர் போயிடுங்கக்கா"
பக்கத்துத் தெருவைக் காட்டுவது போலச் சொன்னாள்.

மறுநாள் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன்:
மேல்மட்டம் எழுபத்தெட்டு.
ஓவர்சியர் பக்கிரிசாமி போனில் அலறினார்.
"என்னம்மா, எழுபத்தெட்டு அடியா?
திருவாரூர் தேரே மெதக்குதா?"
சிரித்தேன். அடித்துத் திருத்திச் சுருக்கொப்பம் வைத்தேன்.
கையெழுத்து கோணியிருந்தது.
அதை அவர் கேட்கவில்லை.

எதிரி வெளியில் இல்லை என்றார் தஞ்சாவூர் டாக்டர்.
காவலுக்குப் போட்ட ஆளே
ராத்திரியில் கரையை வெட்டுகிறான்
என்று எனக்கு விளங்கிற்று.
கரைக் காவல் பார்க்கிறவளுக்கு
இதைவிட அவமானம் உண்டா.

புதன்கிழமை இரவு மட்டும் ஆறு மஞ்சள் மாத்திரை.
வியாழன் முழுக்கச் சோற்றில் இரும்பு வாடை.
எழுபத்தெட்டு, ஐம்பத்திரண்டு, முப்பது,
ஐப்பசிக்குள் பதினான்கு.
மட்டம் குறைந்ததற்குச் சந்தோஷப்பட்டது
இந்த டெல்டாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.
மெஹருன்னிசா கடலைமிட்டாய் கொடுத்தாள்.
கடிக்க முடிந்தது. உறையைப் பிரிக்க முடியவில்லை.

டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னலுக்கு நேரே பிடித்தார்.
நடுவிரல் கணுவின் ஓரம்
எலி கரண்டிய தேங்காய்ச் சில்லாக இருந்தது.
"பதினாலுக்கு வந்துட்டுதே டாக்டர்?"
"வந்துட்டுது. ஆனா போனது போனதுதான்.
இனிமே போவாமப் பாத்துக்குவோம்."

இதை என்னிடம் ஏன் மெதுவாகச் சொன்னாரோ.
கார்த்திகை வெள்ளம் இரண்டு நாளில் வடிந்துவிடும்,
அளவுகோல் ஒழுங்காகக் காட்டும்,
பதிவேடு அமைதியாகிவிடும்.
தைலம்மை வயலோரம் ஆறு தின்ற கரை
தின்றபடியே இருக்கும்.
அங்கே மணல்மூட்டைதான் அடுக்கலாம்.

சக்கரத்தில் இப்போது நீளமான இரும்புக் குழாய் செருகி
முழங்கையால் தள்ளுகிறேன்.
சைக்கிள் டியூப் சுற்றியிருக்கிறேன், வழுக்காமல் இருக்க.
பக்கிரிசாமி பார்த்துவிட்டு,
"இது ரூல்ஸ்ல இல்லியே" என்றார்.
பிறகு தானும் ஒரு சுற்றுத் தள்ளினார்.

ரிப்போர்ட்டில் பதினான்குக்குப் பக்கத்தில்
நார்மல் என்று அச்சடித்திருக்கிறது.
ஆற்றுக்குள் நிற்கும் அளவுகோலில்
பூஜ்யமும் ஒன்றும் வண்டலில் புதைந்து
வருஷக்கணக்காயிற்று.
இரண்டிலிருந்துதான் நான் எண்ண ஆரம்பிக்கிறேன்.

இன்று காலை 2.6.
கட்டைவிரலால் அழுத்தினேன்,
2.66 என்று போய்விட்டது.
அழித்துவிட்டு
மறுபடி அனுப்பினேன்.