உப்புக் கணக்கு

கடல் தெரியும் வீட்டுக்கு
வாடகை முப்பதாயிரம் கூட.
கடல் தெரியாத வீட்டில் ஏசி
எட்டு வருடம் உழைக்கும்.
தெரியும் வீட்டில் மூன்று.
இதை நான் யாருக்கும் சொல்வதில்லை.
சொன்னால் என் சோறு எங்கே?

வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி வரை
மெரின் டிரைவில் நான் ஏறாத மொட்டைமாடி இல்லை.
ஒன்பதாம் மாடி வெளிச்சுவரில்
இடுப்புக் கயிற்றில் தொங்கும்போது
கொழும்பு மிக ஒல்லியான ஊர்.
வீதி, தண்டவாளம், கருங்கல்,
பிறகு மாலைதீவு வரைக்கும்
ஒன்றுமே இல்லை.

காலிமுகத்திடலில் இந்நேரம் பட்டம் விடுவார்கள்.
இங்கிருந்து தெரியாது.
தெரிவது துறைமுகப் பக்கத்துக் கிரேன்களும்
கடலுக்குள் கொட்டிய மண்ணும்தான்.
அதிலும் கண்ணாடி வீடுகள் எழும்பும்,
ஏசி வரும்,
உப்பு அதற்கு முன்பே வந்து காத்திருக்கும்.
நான் அவசரப்படவில்லை.

வெள்ளிக்கிழமை, நாலரை மணி.
திருமதி பொன்சேகாவின் யூனிட்
தொட்ட இடமெல்லாம் அப்பளமாய் உதிர்கிறது.
மொட்டைமாடியிலிருந்து ரிப்கான்
ஸ்பேனரைக் கயிற்றில் கட்டி இறக்குகிறான்.
கீழே கற்களின் மேல் குடைகள்.
மழைக்கு விரித்தவை அல்ல, வெயிலுக்கும் அல்ல.
இந்த நகரத்தில் இரண்டு பேருக்கு
கதவுள்ள ஓர் இடம் கிடைக்காததால் விரித்தவை.
பாணந்துறை ரயில் கடக்கும்.
மிதிபலகையில் தொங்கும் பையன்கள் விசிலடிப்பார்கள்.
குடைகள் ஒரு சாண் தாழும்.
ரயில் போனதும்
ஒன்றன்பின் ஒன்றாக நிமிரும்.

மேலிருந்து பார்த்தால் ஒருவருக்கும் முகமில்லை,
குடைக்குத்தான் முகம்.
பதினொன்று எண்ணினேன்.
பன்னிரண்டாவது ஊதா.
அதன் கிழிசலில்
ஏசிக் குழாய்க்கு ஒட்டும் வெள்ளி டேப்
வெயில் பட்டு மின்னியது.
ஒட்டியது நான்,
சித்திரை மாதம், எங்கள் குசினி மேசையில் வைத்து.

கோயிலுக்கு என்றுதான் சொல்லிவிட்டுப் போனா.
காலி வீதிப் புடைவைக் கடையில்
நாள் முழுக்க மற்றவர்களுக்குச் சேலை விரித்து மடிக்கிற அம்மா.
வயது ஐம்பத்துமூன்று.
அப்பா போய்ப் பத்தொன்பது வருடம்.
ஊதாவுக்கு வெளியே தெரிந்தவை:
மாம்பழ நிறச் சேலையின் ஒரு முனை,
கடலைச் சுருளை நீட்டும் ஒரு கை,
கழற்றி ஒழுங்காகப் பக்கத்தில் வைத்த
ஒரு சோடி ஆம்பிளைச் சப்பாத்து,
பழுப்பு நிறம், நன்றாகத் துடைத்தது.

"என்னண்ணே, கயிறு இறுக்குதா?"
"ஒண்டுமில்லை. பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரைத் தா."
அவன் தந்தது பத்து.
அதையே வைத்து ஒரு மரையைச்
சும்மா திருகிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ரயில் வந்தது.
குடைகள் தாழ்ந்தன.
ஊதாக் குடை மட்டும்
தாழவில்லை.

இரவு அது கதவுக்குப் பின்னால் தொங்கியது.
மடிப்பில் மணல்.
தட்டத்தில் திருநீறும் இருந்தது.
போகும் வழியில் கோயிலுக்கும் போயிருப்பா,
பொய் சொல்லத் தெரியாதவ.
எல்லாரும் படுத்த பிறகு
கம்பிகளை நல்ல தண்ணீரில் கழுவினேன்,
மூட்டுகளில் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விட்டேன்.
டேப் ஓரம் கிளம்பியிருந்தது.
உரித்துப் புதிதாக ஒட்டலாமா என்று யோசித்தேன்.
பிறகு கறுப்புத் துணி தேடி எடுத்து
அதற்கு மேல் தைத்தேன்.
இனி எந்த மாடியிலிருந்தும் மின்னாது.

போன வெள்ளிக்கிழமை
குடையை விரித்துப் பார்த்தா.
தையலை விரலால் ஒருமுறை தடவினா.
என்னைப் பார்க்கவில்லை.
"மழை வரும் போல கிடக்கு" என்றா.
வானத்தில் ஒரு பொட்டு முகிலில்லை.
"ஓம்," என்றேன், "கொண்டுபோங்கோ."