ஒரே பெயருள்ளவை

சத்துவாச்சாரியில், ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிர்வரிசையில்,
ஜெராக்ஸுக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவே
ஒன்பதடி அகலம் என் கடை.
திங்கட்கிழமை மட்டும் அது தெருவரை நீளும்.

பதினோரு வருடமாக மனு அடிக்கிறேன்.
ஆளுக்கொரு ஃபோல்டர், ஊரோடு பெயரும் போட்டு.
உள்ளே இருக்கும் ஃபைலுக்கு
மனு என்று மட்டும் வைப்பேன்.
வேறென்ன வைப்பது.

கணினி திணறியது.
டோனர் கொண்டுவரும் இம்தியாஸ்
'இதப் போடுங்கக்கா, தானே அடுக்கிக்கும்' என்று
ஒரு மென்பொருளை ஏற்றிவிட்டுப் போனான்.
அது ஏழு கேள்வி கேட்டது.
ஆறைப் படித்துவிட்டுப் பதில் சொன்னேன்.
ஏழாவது:
ஒரே பெயருள்ளவற்றில் கடைசியாகத் திறந்ததை வைத்துக்கொண்டு
மற்றவற்றை நீக்கலாமா?
பாகாயம் கடைசி பஸ்ஸுக்குப் பத்து நிமிடம்.
சரி என்றேன்.

அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.
சொன்னதைச் செய்தது.
சொன்னதைச் செய்யும் ஒன்றை
இந்தத் தெருவில் அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

காலையில் ஃபோல்டர்கள் எல்லாம் இருந்தன,
அகர வரிசையில், அழகாக.
அணைக்கட்டு ஏகாம்பரி.
ஒடுகத்தூர் சின்னபாப்பா.
கணியம்பாடி கன்னியப்பன்.
பேர்ணாம்பட்டு மெஹருன்னிசா.
திறந்தால் உள்ளே வெள்ளை.
குப்பைத் தொட்டியிலும் இல்லை;
அதையும் காலிசெய்யச் சொல்லியிருக்கிறேன்,
நான்காவது கேள்வியில்,
படித்துவிட்டு.

ஞாயிறன்று இம்தியாஸ் வந்து தோண்டினான்.
மீட்டது என்று கட்டம் கட்டமாக ஏதோ வந்தது.
ஒன்றில் மட்டும் 'கருணை கூர்ந்து' என்று
இரண்டு சொல் தெரிந்தது.

மிஞ்சியது ஒரே ஒரு மனு,
வெள்ளி இரவு நான் கடைசியாகத் திறந்த வெற்றுப் படிவம்:
........ வட்டம், ........ கிராமத்தில் வசிக்கும்
........ ஆகிய நான்
பணிவுடன் சமர்ப்பிப்பது யாதெனில்
அதற்குக் கீழே பக்கம் முழுக்கப் புள்ளிகள்.
பாலத்தில் நின்று பார்க்கிற கோடைப் பாலாறு.

திங்கள். முதல் ஆள் கன்னியப்பன்.
'போன தபா அடிச்சது கீதுல்ல,
தேதிய மட்டும் மாத்திக் குடும்மா.'
பதினாலு தடவை அப்படித்தான் மாற்றிக் கொடுத்தேன்.
பதினைந்து ரூபாயைச் சில்லறையாக
மேசையில் வைத்துவிட்டிருந்தார்.

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.
'மொதல்லேருந்து சொல்லுங்க' என்றேன்.
'இன்னாத்த சொல்றது, எல்லாம் உங்கிட்டதான் கீதே.'
கொஞ்ச நேரம் பொறுத்துச் சொன்னார்.

பழைய மனு எனக்கு மனப்பாடம்:
சர்வே எண், அடிக்கணக்கு,
பாதையை மறித்து வேலி போட்ட மேற்படி நபர்.
இப்போது சொன்னதில்
மேற்படி நபர் செத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.
பாடை போக அந்தப் பாதைதானாம்.
வேலியைப் பிரித்து வழிவிட்டவர் இவர்தானாம்.
காரியம் முடிந்த மறுநாள்
மகன் திரும்பக் கட்டிவிட்டானாம், முள்ளை மாற்றி.

'அத்த எழுதலியா நீ?'
நீங்கள் சொல்லவில்லையே என்றேன்.
'நீ கேக்கலியே.'

முக்கால் மணி நேரம் அடித்தேன்.
வரிசை ஜூஸ் கடையைத் தாண்டிவிட்டது,
பின்னாலிருந்து யாரோ திட்டினார்கள்.
சேமிக்கப் போனால் பெயர் கேட்டது.
ம என்று தட்டினேன்,
மனு என்று தானே நிரப்பிக்கொண்டது.
அழித்துவிட்டு
வேலி என்று வைத்தேன்.

மெஹருன்னிசா குனிந்து உள்ளே வந்தார்,
கையில் பதினைந்து ரூபாய், தேதி மட்டும் மாற்ற.
அவரிடமும் இன்னும் சொல்லவில்லை.
ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.