தோணாக் கூட்டக் குறிப்பு

கூட்டம் ஐந்து மணிக்கு என்று அறிவித்தோம்.
ஐந்தேமுக்காலுக்குப் பதினொரு பேர்,
அதில் ஒருவர் கட்டடத் திறப்பை வைத்திருப்பவர்.
உப்புவெளி மீனவர் சங்கத்தில்
மின்விசிறி ஒன்றுதான் சுற்றும்.
அதன் கீழே எல்லோரும் நெருங்கி இருந்தோம்.

செயலாளர் என்ற முறையில் எழுதுகிறேன்.

தோணாவைத் துப்புரவு செய்வதென்ற தீர்மானத்தை
முன்மொழிந்தவர் யாரென்று தெரியவில்லை.
காற்றுத் திரும்பியது, மூக்கைப் பொத்தினோம்.
அதை ‘ஏகமனதாக’ என்று பதிந்தேன்.

எங்கிருந்து தொடங்குவது?
மேலே, மதகடியில் என்றார் தர்மகுலன்.
வாய்ப்பக்கம் என்றார் நௌபர்.
“மண்திட்டை வெட்டிவிட்டால் காணும்.
மாரி மழை ஒண்டு பெய்ய
தன்பாட்டில எல்லாம் கடலுக்குப் போயிடும்.”

சூசைநாயகம் சம்மாட்டி அதுவரை
வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்.
“எந்தக் கடலுக்குத் தம்பி?
வாய்க்கு நேரே கிடக்குது என்ர பாடு.
போன முறை நீங்கள் வெட்டின கிழமை
இருபத்திரண்டு பேர் இழுத்த வலையில
பால்மாப் பக்கற், பிள்ளைகளின்ர பம்பர்ஸ்,
ஒரு பிளாஸ்டிக் கதிரை,
அரைக் கூடை சூடை.”
எழும்பித் தன் இருக்கையைத் தட்டினார்.
“அந்தக் கதிரைதான் இது.”

நாலு காலும் நன்றாகத்தான் இருந்தன.
சிரித்தோம்.
பிறகு கொஞ்ச நேரம் விசிறி மட்டும் பேசியது.

பழைய தேர்தல் சுவரொட்டியின் பின்பக்கத்தில்
தர்மகுலன் தோணாவை வரைந்தார்.
மதகு, இறைச்சிக்கடை, வாகனம் கழுவும் இடம்,
விடுதி மூன்று, பாலர் பள்ளி, வாய்.
வேட்பாளரின் மீசை தாளூடாகத் தெரிந்தது.
தோணா அதைக் கடந்துதான் கடலுக்குப் போக வேண்டியிருந்தது.

“அவரவர் குழாய் விழுகிற இடத்தில்
ஒரு புள்ளி வையுங்கோ.”

சந்திரலதா முதலில் வைத்தார், அப்பக்கடைக்கு.
“சட்டி கழுவுற தண்ணி மட்டும்,” என்று
இரண்டு மொழியிலும் சொன்னார்.
றகுமத்தும்மா இரண்டு வைத்தார்,
ஒன்று கட்டாரில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்கு.
நௌபருக்குத் தொலைபேசி வந்தது. வெளியே போனார்.
திரும்பி வந்தபோதும் பேனை
அவர் இடத்திலேயே காத்திருந்தது.
அழுத்தி வைத்தார். மை பரவியது.
எண்ணெய் என்று ஒருவரும் சொல்லவில்லை.

செயலாளர் புள்ளி வைத்தாரா என்று
கூட்டக் குறிப்பில் எழுதும் வழக்கமில்லை.
வைத்தேன்.
மதிலுக்குப் பின்னால், கண்டல் மறைவில்,
மேசன் இரவில் வந்து பொருத்திய குழாய்.
டோர்ச் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்.

அதன் பிறகு எழுதியவை:
கையுறை நாற்பது சோடி. சவள் எட்டு.
உரப்பை, யாரிடம் எத்தனை என்று கேட்க வேண்டும்.
சபை ட்ராக்டருக்குக் கடிதம், மும்மொழியிலும்.
பிளேன்டீக்குச் சீனி சந்திரலதா தருவார்.
இவை எல்லாம் இரண்டாம் மாதத்துக்கு.
முதல் மாதம் தோணாவில் யாரும் இறங்குவதில்லை.
ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு குழி,
கல்லும் மணலும் போட்டு, ஐப்பசிக்கு முன்.
வாயை வெட்டும் நாளைச் சம்மாட்டி சொல்வார்.

“அப்ப போட்டோ எடுக்க என்ன இருக்கு?”
என்று கேட்டான் ரிஷாந்தன்,
பதாகை அடிக்கக் காசு சேர்த்து வந்தவன்.
பதில் பதியப்படவில்லை. ஒருவரும் சொல்லவில்லை.
பதாகைக் காசைச் சீமெந்துக்கு மாற்றுவதாக
நௌபர் சொன்னார், அவன் முகம் பாராமல்.

ஏழேகாலுக்குக் கலைந்தோம்.
படம் அலுமாரிக்குள் அடங்கவில்லை.
சுருட்டிச் சைக்கிளில் கட்டி
வழக்கமில்லாத பாதையால் வந்தேன்,
அக்கரையால்.
மிதந்த டயரில் ஒரு கொக்கு, ஒற்றைக்காலில்.
கண்டலுக்குள் இருட்டு.
இருட்டுக்குள்
விட்டுவிட்டுக் கொட்டுகிற தண்ணீர்.
எங்கள் வீட்டில் யாரோ கோப்பை கழுவுகிறார்கள்.

இந்தக் கரையில் நின்று
அதை நான் கேட்டதில்லை.