தண்ணீர் வாளிக்காரன்

நகரசபை எனக்குத் தந்தவை:
ஆரஞ்சு நிற மேற்சட்டை, ஒரு விசில்,
இரண்டு வாளி, ஐம்பது மீட்டர் நைலான் கயிறு,
‘நெருப்பிலிருந்து பத்து மீட்டர்’ என்று அச்சடித்த தாள்.
கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.
பெயர்: ழெரார் வைத்திலிங்கோம்.
லிங்கம் எந்த மேசையில் லிங்கோம் ஆனதென்று
குமாஸ்தா கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் தெரியாது.

டிசம்பர் இருபது, சேன் லூயி.
வெட்டு முடிந்த ஆலையில் புகை இல்லை.
லிச்சிக் கொத்துகள் சாலையோரம் விலைபோகின்றன.
மயிற்கொன்றைகள் மட்டும்
யாரிடமும் அனுமதி வாங்காமல்
தெரு முழுக்க எரிகின்றன.

மைதானத்தில் விறகு அடுக்கியாயிற்று.
ரூலேர் முரசுகளைச் சாய்த்துத்
தோலுக்குச் சூடு காட்டுகிறார்கள்.
கயாம்பைக் குலுக்கிப் பார்க்கிறான் ஒருவன்:
கரும்புப் பூத்தண்டின் கூட்டுக்குள்
கைப்பிடி விதைகள்.
வெட்டச் சொன்ன செடியிலிருந்தே
தாளத்தையும் எடுத்துக்கொண்டார்கள் அவன் ஆட்கள்.

ஆறரைக்குத் தீ ஏற்றினோம்.
ஏழு மணிக்குள் என் கயிற்றை
மூன்று இடத்தில் தாண்டிவிட்டார்கள்.
ஊதுகிறேன், ஊதுகிறேன்.
முரசு முழங்குகையில் விசில் என்ன செய்யும்?
யாரோ ஒரு பையன் வீசிய பட்டாசு
காய்ந்த சோகைக் குவியலில் விழ
ஓடிப்போய் ஒரு வாளியைக் கவிழ்த்தேன்.
கூட்டம் கைதட்டியது. ஆட்டம் என்று நினைத்தார்களோ என்னவோ.
பையனுக்கு விரல் நுனியில் ஒரு கொப்புளம்,
அழுகை முழுதும் அவன் அம்மாவுக்குப் பயந்து.

பொம்பொன் பிமான் சுடுகிறாள் ழிஸ்லேன் பாயே.
(எங்கள் வடைதான், கப்பலில் பெயரைத் தொலைத்தது.)
எண்ணெய்ச் சட்டியின் பின்னாலிருந்து சிரிக்கிறாள்:
‘ஜனவரியில் பாண்டியாலே கோவிலில்
வெறுங்காலோடு தணலில் நடக்கிறவன்
இன்றைக்குப் பத்து மீட்டர் தள்ளி நில் என்கிறான்!’
‘அது அம்மன் தீ,’ என்றேன்.
‘இது நகரசபைத் தீ.’
‘இது எங்கள் தீ,’ என்றாள். சிரிப்பை நிறுத்தாமல்தான்.
அவள் மகன் போன வருஷம் எனக்குப் பின்னால்
மஞ்சள் துணி கட்டித் தணலில் இறங்கினான்.
அதை அவள் சொல்லவில்லை.

உண்மைதான், அவர்கள் நாள்.
இந்தத் தேதியில் அவர்கள் சங்கிலி அவிழ்ந்தது.
கரும்புக்கு விடுதலை பற்றி யார் சொன்னார்கள்?
அது வளர்ந்துகொண்டே இருந்தது.
அதனால் கப்பல்கள் வந்தன, என் ஆட்களோடு,
ஐந்து வருஷத்துக்கு ஒரு தாள்,
இவ்வளவு அரிசி, இவ்வளவு உப்புமீன்,
கீழே ஒரு கட்டைவிரல் ரேகை.
காலியான கொட்டடியில்
பழைய சூடு ஆறுமுன் படுத்திருப்பார்கள்.
இதற்கு நான் நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா,
சும்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதா?

சனிக்கிழமை வகுப்பு நோட்டில்
ஒரே வேரின் கீழ் எழுதி வைத்திருக்கிறேன்:
விடுமுறை. விடுதலை. விடுதி.
பக்கத்தின் ஓரத்தில், வேறு மையில்,
கைவிடு.

பத்து மணிக்குக் காற்று மலைப்பக்கமிருந்து திரும்பியது.
பொறிகள் கடலை நோக்கிப் போயின.
நல்லது, அங்கே எரிய ஒன்றுமில்லை.
முரசின்மேல் குதிரைபோல் உட்கார்ந்திருந்தவன்
கண்ணை மூடியபடி யாரையோ பெயர் சொல்லி அழைத்தான்,
பதிலாக நூறு தொண்டைகள்.
எனக்குத் தெரியாத பெயர்கள்.
தாளத்தைக் கால் மட்டும் முன்பே அறிந்திருந்தது,
பூட்ஸுக்குள் அசைந்தது.

தாளின் கடைசி வரி:
நள்ளிரவில் தீயை அணைக்க வேண்டும்.
மணி பன்னிரண்டு இருபது.
படிவத்தை நிரப்புகிறேன்.
காயம்: ஒரு விரல், சிறியது.
அசம்பாவிதம்: இல்லை.
குறிப்புகள்:

இரண்டாவது வாளி நிறைய இருக்கிறது.
ழிஸ்லேன் பார்க்கிறாள், முரசுக்காரன் பார்க்கிறான்,
ஊற்றப்போகிறேனா என்று.
பூட்ஸைக் கழற்றினேன், காலுறையைக் கழற்றினேன்.
தணல் கடந்ததும் பால்குழியில் இறங்குவதுபோல
இரண்டு பாதங்களையும்
வாளிக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.
யாரோ இன்னொரு கட்டையைத் தீயில் போட்டார்கள்.